பெங்களூரில் புதுக் குடித்தனம்: அளவு கேட்டு வாங்கும் வழி

சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலை மாறி பெங்களூருக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் எண்கள் கொஞ்சநஞ்சமல்ல. "தர்ட்டி ஃபார்ட்டி சைட்", "ஆயிரத்து இருநூறு ஸ்கொயர் ஃபீட்", "ஆறாயிரம் லிட்டர் டேங்கர்", "ஏழு கிலோ வாஷிங் மெஷின்", "ஒன்றரை டன் ஏசி", "ஐம்பத்தைந்து இன்ச் டிவி", "ரெண்டு பத்து வளையல்". எல்லாமே அளவுதான். ஆனால் ஒன்று தரையை அளக்கிறது, ஒன்று மூலைக்கு மூலை போகிறது, ஒன்று உலர்ந்த துணியின் எடை, ஒன்று ஒரு நாளில் உருகும் பனிக்கட்டி.

இதற்கெல்லாம் மனப்பாடம் தேவையில்லை. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எதை அளந்த எண்? அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இங்கே வீட்டுக்காரர், புரோக்கர், கடைக்காரர் யாரும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தங்களுக்குத் தோதான இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். குடித்தனம் வைக்கும் வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

முதல் படி: டேப் வாங்குங்கள்

ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்று, தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் ஒன்று. முதலாவது எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், எஸ்.பி. ரோடு பக்கம் போனால் தேர்ந்தெடுத்தே வாங்கலாம். ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் உள்ளதாகப் பாருங்கள். நுனியிலுள்ள கொக்கி லேசாக ஆடும். பழுதென்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் பிசகாமல் இருப்பதற்காகவே அதை அப்படி ஆடவிட்டிருக்கிறார்கள்.

செல்போனில் நான்கு எண்களைக் குறித்து வையுங்கள். ஒரு இன்ச் 2.54 செ.மீ. ஒரு அடி 30.48 செ.மீ. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். கடைசி எண்ணை யாரும் குறித்துக்கொள்வதில்லை. இந்த ஊரில் அதிகம் உதவப்போவது அதுதான். கூடவே உங்கள் சாண் எத்தனை இன்ச் என்றும் அளந்து வையுங்கள். டேப் கையில் இல்லாத நேரத்துக்கு ஆகும்.

புள்ளி விஷயத்தில் கவனம். அறை அளவு 10.6 என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் பாதிப்பேர் பத்தடி ஆறு இன்ச்சைத்தான் அப்படி எழுதுகிறார்கள். கால்குலேட்டரில் போடும்போது அது 10.5. பதினோரு இன்ச்சை .11 என்று எழுதும் கொத்தனார்களும் உண்டு. எழுதியவரிடமே "பாயிண்டா, இன்ச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டின் சதுர அடி

அடுக்ககத்தில் வீடு பார்க்கும்போது மூன்று அளவுகள் காதில் விழும். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் ஏரியா. கார்ப்பெட் என்பது வீட்டுக்குள் நீங்கள் நடக்கும் தரை. பில்ட்-அப்பில் வெளிச்சுவரின் கனமும் பால்கனியும் சேரும். சூப்பர் பில்ட்-அப்பில் படிக்கட்டு, லிஃப்ட், வரவேற்புக் கூடம், மாடி வராந்தா என எல்லோருக்கும் பொதுவானவற்றில் உங்கள் பங்கையும் ஏற்றிவிடுவார்கள்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்வது, கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தந்தது. வெளிச்சுவர், பைப்புகள் ஓடும் குழி, பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேராது. உள்ளே அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவர்கள் சேரும். அதனால் ஒவ்வோர் அறையையும் நீங்கள் அளந்து கூட்டினால் வரும் தொகை, பத்திரத்தில் உள்ள கார்ப்பெட் ஏரியாவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைக்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். நூறு, நூற்றைம்பது சதுர அடி குறைந்தால் போகலாம்.

பெரிய குழப்பம் லோடிங்கில்தான். "இந்த பில்டிங்கில் முப்பது பர்சென்ட் லோடிங்" என்பார்கள். எதில் முப்பது? கார்ப்பெட் ஏரியாவின் மேல் முப்பது சதவீதம் ஏற்றி 1200 சதுர அடி வந்திருந்தால் உங்கள் கார்ப்பெட் சுமார் 923. பேச்சுவாக்கில் 1200-லிருந்து முப்பது சதவீதத்தைக் கழிக்கச் சொல்கிறார்கள் என்றால் 840. வித்தியாசம் எண்பது சதுர அடிக்கு மேல். ஒரு சமையலறையே அதற்குள் அடங்கும். ஆகவே சதவீதத்தைக் கேட்காமல் "கார்ப்பெட் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். வாடகைக்கு என்றால் அதுவும் வேண்டாம்; டேப்பை எடுத்து ஹாலையும் படுக்கையறையையும் அளந்தால் போதும். வாடகைக்கு இருப்பவருக்கு லிஃப்ட் லாபியில் பங்கு இருந்து என்ன ஆகப்போகிறது?

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் தனி வீடு பார்க்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மனை அளவைத்தான் சொல்வார்கள். 20-க்கு 30, 30-க்கு 40, 40-க்கு 60 என்ற அடிக்கணக்கு. முப்பதுக்கு நாற்பது மனையில் மூன்று மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு குடித்தனம் வைத்திருந்தால், உங்களுக்கு வரும் இடம் 1200-இல் பாதியைவிடக் குறைவு. சுவர், படிக்கட்டு, சுற்றிலும் விட்ட சந்து எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். "தர்ட்டி ஃபார்ட்டியில் வீடு" என்றால் உங்கள் வீடு முப்பதுக்கு நாற்பது என்று நினைத்துவிடாதீர்கள்.

பி.எச்.கே. என்பதில் அளவே இல்லை. படுக்கையறை எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும்தான். எழுநூறு சதுர அடியிலும் இரண்டு பி.எச்.கே. உண்டு, ஆயிரத்து நானூறிலும் உண்டு.

மூன்றாம் படி: கட்டில் வாங்கும்முன் படிக்கட்டு

அறை போதுமா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அறை வரைக்கும் கட்டில் போய்ச் சேருமா என்று பார்ப்பதில்லை. பழைய பகுதிகளில் மாடிப்படி இரண்டரை அடி அகலம்தான் இருக்கும். திருப்பத்தில் அதிலும் குறையும். வாசற்கதவின் அகலம், படியின் அகலம், திருப்பத்தில் தலைக்கு மேலுள்ள உயரம் ஆகிய மூன்றையும் அளந்துகொண்டு அதன் பிறகு கடைக்குப் போங்கள். பிரித்துப் பூட்டும் கட்டில் என்றால் கவலை குறைவு. சோபாவும் இரட்டைக்கதவு ஃபிரிட்ஜும்தான் நடுப்படியில் மாட்டிக்கொள்ளும். பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தனிக் கூலி.

மெத்தை அளவு இன்ச்சில். சிங்கிள் 72-க்கு 36. குயின் 60 இன்ச் அகலம், கிங் 72 இன்ச் அகலம். நீளத்தில்தான் வில்லங்கம். 72, 75, 78 என்று மூன்று நீளங்கள் சந்தையில் இருக்கின்றன, மூன்றையும் அதே குயின், கிங் பெயரில் விற்கிறார்கள். கட்டிலை ஒரு கடையிலும் மெத்தையை இன்னொரு கடையிலும் வாங்கினால் கால்மாட்டில் மூன்று இன்ச் இடைவெளியோ, மூன்று இன்ச் தொங்கலோ வந்து நிற்கும். கட்டிலின் உட்சட்டத்தை அளந்து, அந்த எண்ணைச் சொல்லி மெத்தை கேளுங்கள். குயின், கிங் என்ற வார்த்தையே வேண்டாம்.

படுக்கை விரிப்புக்கும் இதே கதை. 72 இன்ச் அகலமுள்ள மெத்தை எட்டு இன்ச் கனம் என்றால், இரு பக்கமும் இறங்க 16, உள்ளே செருக ஒரு பத்துப் பன்னிரண்டு. ஆக நூறு இன்ச் அகலம் வேண்டும். "டபுள்" என்று விற்கும் 90-க்கு 100 விரிப்பை அதன் மேல் போட்டால் காலையில் ஒரு பக்கம் சுருண்டுதான் கிடக்கும். 108-க்கு 108 கேளுங்கள்.

நான்காம் படி: தண்ணீர்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெங்களூரில் குடிவரும் எவரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் கேட்க வேண்டியது, காவேரி இணைப்பு உண்டா, போர்வெல் உண்டா, சம்ப், அதாவது தரைக்கடியிலுள்ள தொட்டி, எத்தனை லிட்டர் என்பவை. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரர் "பெரிய சம்ப்தாங்க" என்பார். மூடியைத் திறக்கச் சொல்லி நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளங்கள். மூன்றையும் பெருக்கி, 28.3-ஆல் பெருக்குங்கள். ஆறடிக்கு ஐந்தடி, ஐந்தடி ஆழம் என்றால் 150 கன அடி, சுமார் 4,245 லிட்டர். நகர நீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேருக்கு 540. அப்படியானால் அந்த சம்ப் ஒரு குடும்பத்துக்கு ஏழெட்டு நாள் தாங்கும். அதே சம்பில் ஆறு குடித்தனம் என்றால் ஒன்றரை நாள்கூட வராது. குடித்தனங்களின் எண்ணிக்கையைக் கேட்காமல் சம்பின் அளவைக் கேட்டுப் பயனில்லை.

டேங்கர் வாங்கும்போது இந்தக் கணக்கு காசை மிச்சப்படுத்தும். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது மாவட்ட நிர்வாகம் தனியார் டேங்கர்களுக்கு விலை வரம்பு வைத்தது. 6,000, 8,000, 12,000 லிட்டர் என்று மூன்று அளவு. ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு விலை, ஐந்திலிருந்து பத்துக்குள் ஒரு விலை. மேலே சொன்ன 4,245 லிட்டர் சம்புக்கு ஆறாயிரம் லிட்டர் டேங்கரைத் தனியாளாக வரவழைத்தால் மிச்சம் தெருவில்தான் ஓடும். பக்கத்து வீட்டோடு பேசி வைத்துப் பங்கு போடுங்கள்.

டேங்கரில் சொன்ன அளவு வந்ததா என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி போதும். ஆறுக்கு ஐந்து சம்பின் அடிப்பரப்பு 30 சதுர அடி. அதில் தண்ணீர் ஓரடி ஏறினால் 850 லிட்டர் விழுந்திருக்கிறது. ஊற்றும்முன் குச்சியை விட்டு ஈரத்தை அளங்கள். ஊற்றிய பின் மறுபடியும் அளங்கள். மூன்றடி ஏறியிருந்தால் 2,550 லிட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

உங்கள் குச்சியில் ஓரடி என்பது 850 லிட்டர், பக்கத்து வீட்டு சம்பில் அதே ஓரடி 1,500 லிட்டராக இருக்கலாம். நம் ஆட்கள் செய்தித்தாளில் தினமும் படிக்கும் அணைக்கணக்கும் இதே மாதிரிதான். கிருஷ்ணராஜ சாகரின் முழு நீர்மட்டம் 124.80 அடி. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. அடியை மட்டும் பார்த்தால் கே.ஆர்.எஸ். பெரியது. கொள்ளளவில் கே.ஆர்.எஸ். சுமார் 49.45 டி.எம்.சி., மேட்டூர் 93.47 டி.எம்.சி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! மேட்டூரில் தண்ணீர் பரவி நிற்கும் இடம் விரிந்தது. ஓரடி ஏற அங்கே அதிக நீர் வேண்டும். "நூறு அடியைத் தொட்டது" என்ற செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு அணைகளை ஒப்பிட்டு அலுவலகத்தில் வாதம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேச வேண்டுமானால் டி.எம்.சி.யில் பேசுங்கள்.

அந்த டி.எம்.சி.யையும் வீட்டளவுக்கு இறக்கிப் பார்க்கலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி.யைக் கூடுதலாகக் கணக்கில் எடுத்தது. 365 நாளுக்குப் பங்கு வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிவைத்த காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். நகரத்தோடு பின்னாளில் சேர்ந்த 110 கிராமங்களுக்கான திட்டம் அது. மகாதேவபுரா, பொம்மனஹள்ளி பக்கம் வீடு பார்க்கிறவர்கள் "காவேரி வந்துவிட்டது" என்று புரோக்கர் சொன்னால், குழாய் வந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

காவேரித் தண்ணீர் பில் கிலோலிட்டரில் வரும். ஒரு கிலோலிட்டர் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். சரி, தண்ணீர் போதும்.

ஐந்தாம் படி: கேஸும் கரண்டும்

வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. சின்னது 5 கிலோ, ஹோட்டல்காரர்களுக்கு 19 கிலோ. வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டையிலேயே எழுதியிருக்கும், சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அந்த எண்ணோடு 14.2-ஐக் கூட்டி, கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தராசு கொண்டுவர வேண்டியது அவர் வேலை.

மின்சாரத்தில் இரண்டு எண்ணைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கிலோவாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்பது. பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு கிலோவாட்டில் இருக்கும். இரண்டு கிலோவாட் இணைப்புள்ள வீட்டில் இரண்டு கிலோவாட் கீசரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் காலையில் சேர்த்துப் போட்டால் அதிகம் இழுத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழும். வாடகை பேசும்போதே லோடு எவ்வளவு என்று பில்லை வாங்கிப் பாருங்கள். கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அது இருக்குமிடத்தில்தான் மெஷினை வைக்க முடியும்.

ஆறாம் படி: மெஷின்கள்

வாஷிங் மெஷினில் ஏழு கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. நனைந்த பின் அது இரட்டிப்பாகக் கனக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குளியலறை எடை மெஷினில் அழுக்குத் துணி மூட்டையோடு ஒருமுறை ஏறி, மூட்டை இல்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்தால் உங்கள் வாரத் துணி எவ்வளவு என்று தெரிந்துவிடும். கம்பளியும் ஜீன்ஸும் போடும்போது டிரம்மை அமுக்கி நிரப்பக்கூடாது. அங்கே எடையைவிட இடம் முக்கியம்.

ஃபிரிட்ஜ் லிட்டரில். மொத்தக் கொள்ளளவு, உபயோகமான கொள்ளளவு என்று இரண்டு உண்டு. இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இட்லி மாவுப் பாத்திரம் தட்டுக்கு நடுவே நிற்குமா என்பதை எந்த லிட்டரும் சொல்லாது. பாத்திரத்தின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். கதவு முழுதும் திறக்க முன்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் பாருங்கள்.

டிவியின் இன்ச் மூலைக்கு மூலை. 55 இன்ச் டிவியின் அகலம் சுமார் 48 இன்ச், உயரம் 27 இன்ச். 43 இன்ச் என்றால் அகலம் முப்பத்தேழரை. ஷோகேஸில் நான்கடி இடம் இருக்கிறது, 55 இன்ச் போகாதே என்று தயங்குகிறவர்கள் மூலைவிட்டத்தை அகலமென்று எடுத்துக்கொள்கிறார்கள். நான்கடி என்பது 48 இன்ச்தானே, ஓரச்சட்டத்துக்குச் சற்று இடம் இருந்தால் போய்விடும்.

ஏசியின் டன்னுக்கும் அதன் எடைக்கும் சம்பந்தமில்லை. ஏசி வருவதற்கு முன்பு அமெரிக்காவில் பனிக்கட்டியை வைத்துத்தான் குளிரூட்டினார்கள். ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். கணக்கில் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். அதற்காக மின்சாரமும் அவ்வளவு இழுக்கும் என்று பயப்பட வேண்டாம். ஏசி வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கடத்துகிறது, அதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். நூறு நூற்றிருபது சதுர அடி அறைக்கு ஒரு டன் தாராளம். என்னைக் கேட்டால், பெங்களூரில் மேல்மாடியில் குடியிருந்தால் தவிர முதல் வருடம் ஏசி வாங்காதீர்கள். மார்ச், ஏப்ரலைக் கடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழாய்ச் சாமான் வாங்கப் போகும்போது ஒரு எச்சரிக்கை. "அரை இன்ச் பைப்" என்பதன் வெளிவிட்டம் அரை இன்ச் இருக்காது. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 15.9 மில்லிமீட்டர், இரும்பு ஜி.ஐ. அரை இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது இப்போது பெயர் மட்டும்தான். டேப்பால் அளந்து சொல்லி வாங்கினால் பொருந்தாது. கழற்றிய பழைய துண்டையே கையோடு எடுத்துப் போங்கள்.

ஏழாம் படி: சந்தை

காய்கறி கேட்கக் கன்னடம் பெரிதாக வேண்டாம். கால் கேஜி, அர்த கேஜி, முக்கால் கேஜி என்றாலே போதும். தராசில் பொருள் வைக்கும்முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

எண்ணெய் லிட்டரிலும் விற்கும், கிலோவிலும் விற்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். ஒரே உயரமுள்ள இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்றில் 910 கிராமும் இன்னொன்றில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. சின்ன எழுத்துதான், தேடிப் பாருங்கள். பாலிலும் இந்த அளவு விளையாட்டு நடந்தது. 2024 ஜூனில் கர்நாடகக் கூட்டுறவுப் பாலான நந்தினியின் பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். அரை லிட்டர் பாக்கெட் 550 மில்லி ஆனது. 2025 ஏப்ரலில் பாக்கெட் பழைய அளவுக்குத் திரும்பியது, விலை திரும்பவில்லை.

கே.ஆர். மார்க்கெட்டில் கட்டிய பூ மொளத்திலும் மாரிலும் விலை சொல்வார்கள். மொளம் நம் முழம்தான், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. மாரு என்பது இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி. ஒரு மாரு ஏறக்குறைய நான்கு முழம். அளப்பது விற்பவர் கையால் என்பதால் உயரமான பூக்காரரிடம் வாங்குவது லாபம். நான் கேலிக்குச் சொல்லவில்லை. உதிரிப்பூ கிலோவில்.

காபிக் கொட்டைக்கு இங்கே அளவுதான் தரத்தின் பெயர். இந்திய காபி வாரியத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பிளாண்டேஷன் டபுள் ஏ, ஏ, பி என்று கடையில் எழுதியிருப்பது சல்லடைக் கணக்கு. பதினெட்டாம் எண் சல்லடையில், அதாவது சுமார் 7.1 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கும் கொட்டை டபுள் ஏ. பதினேழில் நிற்பது ஏ. எண் என்பது இன்ச்சை அறுபத்துநான்காகப் பிரித்த கூறு. பீபெரி தனி ரகம். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. ஒரே அளவுள்ள கொட்டைகள் சீராக வறுபடும் என்பது உண்மை. பெரிய கொட்டையால் டம்ளரில் ருசி கூடும் என்பது கடைக்காரர் பேச்சு. பாதி சிக்கரி கலந்து குடிப்பவர் டபுள் ஏ வாங்குவது வீண்.

எட்டாம் படி: வளையல், செருப்பு, சட்டை

வளையல் அளவு தெரியாமல் சிக்பேட்டையில் நிற்கும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். 2.4, 2.6, 2.8, 2.10 என்று வரும் எண்களில் உள்ளது தசமப் புள்ளி அல்ல. இன்ச்சைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 2.4 என்றால் இரண்டு இன்ச்சும் பதினாறில் நான்கு பங்கும், ஆக இரண்டே கால். 2.8 இரண்டரை. 2.10 அதைவிடப் பெரியது, 2.625 இன்ச். பள்ளிக்கூடக் கணக்கை நம்பி 2.10-ஐ 2.4-ஐவிடச் சின்னது என்று எடுத்து வந்தால் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருக்கும். அளப்பது உள்விட்டம், வளையலின் கனம் சேராது. பழைய வளையல் இல்லையென்றால் கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கி, கையின் அகலமான இடத்தைத் துணி டேப்பால் சுற்றி அளங்கள். ஏழு இன்ச்சுக்கு ஒட்டி வந்தால் 2.4, ஏழரைக்கு 2.6, ஏழே முக்காலுக்கு மேல் 2.8, எட்டே கால் என்றால் 2.10. கண்ணாடி வளையலுக்கு இந்த அளவே சரி. திறந்து மூடும் தங்க வளையலுக்கு ஒரு அளவு குறைத்தும் வாங்கலாம்.

செருப்பில் நாம் சொல்லும் எட்டு, ஒன்பது என்பது பிரிட்டிஷ் கணக்கு, ஒரு எண்ணுக்கு மூன்றில் ஒரு இன்ச். 42, 43 என்பது ஐரோப்பியக் கணக்கு, ஒரு எண்ணுக்கு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். பிரிட்டிஷ் எட்டு கிட்டத்தட்ட ஐரோப்பிய 42. அமெரிக்க ஆண்கள் எண் என்றால் ஒன்று கூட்டுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது பெட்டியிலுள்ள சென்டிமீட்டர் எண்ணைப் பாதத்தோடு ஒப்பிடுவது உத்தமம். பாதத்தை மாலையில் அளங்கள், நடந்து வீங்கிய பிறகு. நம் பாதம் மேலைநாட்டார் பாதத்தைவிட அகலமாக இருப்பதால் நீளம் சரியாக இருந்தும் விரல் நெருக்கும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து 'பா' என்ற பெயரில் இந்திய அளவுமுறையை முன்வைத்தது இதற்காகத்தான்.

சட்டையில் 40 என்பது மார்புச் சுற்றளவை இன்ச்சில் ஒட்டியது. எல், எக்ஸ்.எல். என்பது கம்பெனியின் இஷ்டம். நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கி வையுங்கள், அந்த எண்ணை அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் படி: மனை வாங்கும் எண்ணம் வந்தால்

சில வருடம் ஓடியதும் எல்லோருக்கும் வரும். நம் ஊரில் சென்ட், கிரவுண்ட், இங்கே குண்டே. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறு சென்ட் அல்லது நாற்பது குண்டே. ஆக ஒரு குண்டே 1,089 சதுர அடி, இரண்டரை சென்ட். சென்னைக் கிரவுண்ட் 2,400 சதுர அடி, இங்கே நாற்பதுக்கு அறுபது மனை.

பத்திரத்தில் கிழக்கு மேற்காக இத்தனை அடி, வடக்கு தெற்காக இத்தனை அடி என்று எழுதியிருப்பார்கள். முப்பதுக்கு நாற்பதில் சாலைப் பக்கம் இருப்பது முப்பதா நாற்பதா என்று அதிலிருந்து படித்தெடுங்கள். விலையில் அது பேசும். மனை கோணலாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு எண்களைப் போட்டு, கூட்டி இரண்டால் வகுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மனையில் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நான்கு பக்கம் சரியாக வந்தும் மனை சாய்வாக இழுத்துக்கொண்டு போயிருந்தால் பரப்பு குறையும். மூலைவிட்டங்களை ஒப்பிட்டால்தான் அது தெரியும். ஐந்து மீட்டர் டேப் இதற்குப் பற்றாது. முப்பது மீட்டர் ஃபைபர் டேப் ஒன்றை வாங்கி, மறுமுனையைப் பிடிக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு, எல்லைக் கல் தெரியும் வெளிச்சத்தில் போங்கள்.